ஊர்க் கிடாரம்: கூடிச் சமைத்துச் சாப்பிடும் நாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் இலங்கையின் வன்னியில், செட்டிகுளம் பக்கம். ஒரு குளம், ஒரு பொதுநோக்கு மண்டபம், அதைச் சுற்றி நாலைந்து விதமான ஆட்கள். பரம்பரையாகக் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர்கள் ஒரு பக்கம். 1970களின் பஞ்சத்திலும் 1977, 1983 கலவரங்களிலும் மலைநாட்டில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் இன்னொரு பக்கம். 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பிள்ளைகளை வளர்த்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. 2009இல் போரில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் அகதி முகாமுக்கு வந்து, பிறகு கலியாணம் காட்சி என்று இங்கேயே தங்கிவிட்ட முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆட்களும் இருக்கிறார்கள். மடுமாதாவைக் கும்பிடும் கத்தோலிக்க வீடுகள் உண்டு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிங்களக் குடும்பங்கள் உண்டு.

வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிறோம். நாலு முறை செய்தாயிற்று. முதல் முறை சொதப்பல், இரண்டாம் முறை சண்டை, அப்புறம் பரவாயில்லை. மற்ற ஊர்களில் இருந்து போன் எடுத்துக் கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

இது அன்னதானம் தானே? புதிதாக என்ன இருக்கிறது?

அன்னதானம் எங்களிடம் உண்டு. பள்ளிவாசலில் கந்தூரி உண்டு. வெசாக் வந்தால் சிங்கள ஆட்கள் ரோட்டோரம் தன்சல் (இலவசச் சாப்பாட்டுப் பந்தல்) போடுவார்கள். மடுத் திருவிழாவுக்கு ஆவணியில் போகிறவர்கள், தமிழரும் சிங்களவரும், பக்கத்துப் பக்கத்து மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். வன்னிக்கு ஊர்ச்சாப்பாடு புதிதே இல்லை.

ஆனால் அன்னதானத்தில் கொடுக்கிற கை எப்போதும் ஒன்றுதான். வாங்குகிறவர் வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்த வருடமும் அவரே வாங்குகிறார். மலைநாட்டில் இருந்து வந்த ஒரு அக்கா எனக்கு நேராகவே சொன்னார்: “தம்பி, முப்பது வருசமா ஒங்க கோயில்ல சோறு வாங்கித் திங்கிறோம். எங்க கைச் சோறு ஒங்கள்ல எத்தனை பேரு தின்னிருக்கீங்க?” என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒருவர் வீட்டில் கை நனைப்பது என்று நாங்கள் சொல்கிறோமே, அதுதான் இங்கே கணக்கு. இந்த நாளில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை நாங்கள் பார்ப்பதில்லை. யார் யாருடைய கைச் சாப்பாட்டைச் சாப்பிட்டார் என்பதைத்தான் பார்க்கிறோம்.

ஒவ்வொரு சமூகமும் தன் சாப்பாட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் போதாதா?

அதைத்தான் முதல் முறை செய்தோம். நாலு மேசை, நாலு பெயர்ப்பலகை. ஒன்றில் ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கூழும் பிட்டும். ஒன்றில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும். ஒன்றில் புரியாணியும் வட்டிலப்பமும். ஒன்றில் பாற்சோறும் கொக்கிசும். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். அப்புறம் அவரவர் தங்கள் மேசைக்குப் போய்த் தங்கள் சாப்பாட்டையே போட்டுக்கொண்டு, தங்கள் ஆட்களோடு போய் இருந்து சாப்பிட்டார்கள். புரியாணி மேசையில் மட்டும் எல்லாப் பெடியளும் நின்றார்கள். அது சமூக ஒற்றுமையால் வந்த கூட்டம் என்று நான் நம்பவில்லை.

ஆகவே பெயர்ப்பலகையைத் தூக்கி எறியுங்கள். ஆட்களைக் கலப்பது சாப்பிடும் இடத்தில் நடக்காது, சமைக்கும் இடத்தில்தான் நடக்கும். இருபது கிலோ வெங்காயம் உரிக்க ஆறு பேர் வட்டமாக இருந்தால், அரை மணித்தியாலத்தில் யாருக்கு எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளை வெளிநாட்டில், யாருக்குப் பிரஷர் என்பதெல்லாம் வந்துவிடும். தேங்காய் திருவுகிற இடம் இன்னும் நல்லது. நாலு திருவலையை நெருக்கமாகப் போட்டு விடுங்கள், மிச்சத்தைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆண்களைக் கிடாரத்தடியில் (பெரிய சமையல் அண்டா) கிண்டவும் இறக்கவும் விடுங்கள். கதிரை அடுக்க மட்டும் விட்டால் அரசியல் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அப்படியானால் என்ன சமைப்பது?

எந்தச் சமூகத்தின் சாப்பாடு என்று தொடங்காமல், எல்லோர் வீட்டிலும் இருக்கிற ஒரு பொருளில் இருந்து தொடங்குங்கள். நாங்கள் இரண்டாம் வருடம் எடுத்தது அரிசியும் தேங்காய்ப்பாலும். கேட்கும்போதே புரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அது புக்கை. வட்டாப்பளை அம்மனுக்குப் பொங்குகிற ஊரில் பிறந்தவர்களுக்குப் புக்கை பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் அது கிரிபத், சித்திரை வருடப்பிறப்பன்று கட்டாயம். முஸ்லிம் வீட்டில் அது தேங்காய்ப்பால் விட்ட நோன்புக் கஞ்சி. காய்ச்சலுக்கு எல்லோர் வீட்டிலும் பால்கஞ்சி.

ஒரே அரிசி, ஒரே தேங்காய். ஆனால் எப்போது பால் விடுவது என்பதில் பெரிய வாக்குவாதம். புக்கைக்குப் பால் பொங்கி வழிய வேண்டும். கிரிபத்துக்கு அரிசி முதலில் தண்ணீரில் வெந்து, பிறகு கெட்டிப்பால் விட்டுக் கிண்டி, தட்டில் கொட்டி, வாழையிலைத் துண்டால் மட்டம் தட்டி, சாய்சதுரமாக வெட்ட வேண்டும். அந்தச் சிங்கள அம்மா இலையை இரண்டாக மடித்து, தண்ணீர் தொட்டு, நாலே இழுப்பில் பரப்பை நேராக்கியதைப் பார்த்து எங்கள் பெரியம்மா, “இது கொத்தன் பூசுற மாதிரியல்லோ கிடக்குது” என்றார். அந்த அம்மாவுக்குத் தமிழ் ஓரளவு தெரியும். அவரும் சிரித்தார். அடுத்த தட்டைப் பெரியம்மாவே பூசினார். கோணல்தான், ஆனால் முடிந்த முதல் தட்டு அதுதான்.

மூன்றாம் வருடம் குரக்கன். காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்த எல்லோருக்கும் சொந்தமான தானியம் அது. எங்கள் வீடுகளில் பிட்டு, ரொட்டி. சிங்கள வீடுகளில் தலப்ப. மலைநாட்டு ஆட்களுக்கு அது கேப்பை, களியும் கூழும் அவர்கள் கைவசம். அந்த வருடம் சீனி வருத்தக்காரர்கள்தான் அதிகம் சந்தோசப்பட்டார்கள்.

ஒடியல் கூழை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது வட்டமாக இருந்து குடிக்கிற சாமான், பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்தால் யாரும் தள்ளி இருக்க முடியாது. கூழுக்கென்று வந்தவர்கள் ஒருவர் பிளாவை இன்னொருவருக்குப் பிடித்துக்கொடுத்தார்கள். ஆனால் நண்டு போடுவதற்கு முன்னால் கேளுங்கள். முஸ்லிம்களில் சிலர் நண்டு தொடமாட்டார்கள். மீனும் றாலும் போட்டால் பிரச்சினை குறைவு. மரக்கறிக் கூழ் ஒரு சின்னப் பானையில் தனியாக வையுங்கள்.

வட்டிலப்பத்தில் முட்டை இருக்கிறது, சைவ ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை கித்துள் கருப்பட்டி விலை என்று பனங்கட்டி போட்டுப் பார்த்தோம். செய்த உம்மா ருசி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை கருப்பட்டியை அவரே வாங்கிக்கொண்டு வந்தார்.

இறைச்சி போடலாமா? ஹலால் எப்படி?

நாங்கள் இறைச்சியை விட்டுவிட்டோம். மாட்டிறைச்சி போட்டால் சைவ ஆட்கள் பந்தியில் இருக்கமாட்டார்கள். பன்றி பற்றிப் பேச்சே இல்லை. கோழி என்றால் யார் அறுத்தது என்ற கேள்வி வரும். பள்ளிவாசல் ஆள் அறுத்து வைத்தால் எல்லோரும் சாப்பிடுவார்கள் என்பது பொதுவாகச் சரி, கடைக் கோழியே பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் கோழி கடையில் இருந்து வந்ததா, வீட்டில் அறுத்ததா என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் முகம் சுருங்க, அந்த ஒரு கறிக்காக நாள் கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

மீனுக்கு அறுப்புப் பிரச்சினை இல்லை. குளத்து மீன் பிடித்து விடலாம், ஜப்பான் மீன் (திலாப்பியா) மலிவு. எண்பது வீதம் சைவச் சமையல், ஒரு மீன் கறி, ஒரு மீன் பொரியல். அது போதும்.

காட்டு இறைச்சி வத்தல் கொண்டுவருகிறேன் என்று ஒரு ஆள் எப்படியும் வருவார். அன்பாகத் திருப்பி அனுப்புங்கள். மான், மரை எல்லாம் சட்டப்படி குற்றம், கேஸ் வந்தால் ஊரே அலைய வேண்டும்.

பாத்திரம் யாருடையது?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை. நான் முதலில் சொல்கிறேன்.

இரண்டாம் வருடச் சண்டை இதில்தான் வந்தது. ஒரு கோயிலில் பெரிய கிடாரம் இரவல் வாங்கினோம். அது சைவச் சாப்பாட்டுக்கு மட்டும் என்று சொல்லித்தான் தந்தார்கள். நான் அதை அடுப்படியில் நின்ற பொடியன்களுக்குச் சொல்ல மறந்தேன். சாம்பார் முடிந்து கிடாரம் வெறுமையாக நின்றதும், ஒருவர் அதில் மீன் கறிக்குப் புளி கரைத்துவிட்டார். மீனும் போட்டாயிற்று. நான் பார்த்தபோது கறி கொதிக்கிறது, மணம் வேறு நல்லாக இருக்கிறது.

கோயில் பொறுப்பில் இருந்த ஐயா கோபப்பட்டது நியாயம். பிழை எங்களுடையது. போய் மன்னிப்புக் கேட்டோம். அந்தக் கிடாரத்தை நாங்களே எடுத்துக்கொண்டு, கோயிலுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தோம். காசு ஊரில் வீட்டுக்கு வீடு சேர்த்தது. மீன் போட்ட பெடியனின் வாப்பாதான் முதலில் காசு தந்தார்.

ஆகவே: ஊருக்கென்று பொதுவாக ஒரு கிடாரம், ஒரு சருவச்சட்டி, இரண்டு பெரிய அகப்பை வாங்கி மண்டபத்தில் பூட்டி வையுங்கள். சைவத்துக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று. மீன் பாத்திரத்தின் காதில் சிவப்புப் பெயின்ற் அடியுங்கள். அகப்பைக்கும் அடியுங்கள். பன்றி சமைத்த பாத்திரம் என்ற சந்தேகம் இருந்தால் முஸ்லிம் வீட்டார் வாய் வைக்கமாட்டார்கள், அதனால் வாடகைக் கடைப் பாத்திரம் எடுக்காமல் இருப்பது நல்லது. எங்கள் ஊர்க் கிடாரம் இப்போது அந்த மீன் கிடாரம்தான்.

சாதி பற்றி வெளிப்படையாகப் பேசவேண்டுமா?

கூட்டம் போட்டுப் பேசத் தேவையில்லை, கண் திறந்து பார்த்தால் போதும். ஒருவர் பந்தியில் இருக்கமாட்டார், “இப்பதான் வீட்டிலை சாப்பிட்டனான்” என்பார். இன்னொருவர் தேத்தண்ணி வேண்டாம் என்பார், மூடி திறக்காத சோடாப் போத்தல் தந்தால் குடிப்பார். இதெல்லாம் என்ன என்று வன்னியில் பிறந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. 1920களின் கடைசியில் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களில் சம ஆசனம், சம போசனம் என்று கேட்டுப் போராடினார்கள். நூறு வருடம் ஆகப்போகிறது.

நாங்கள் செய்தது இரண்டே விசயம். சோடா வாங்குவதில்லை. யார் எதைச் சமைப்பது, யார் பரிமாறுவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். சீட்டை ஆறு வயதுப் பிள்ளை எடுக்கும், அதனோடு யாரும் சண்டை பிடிக்க முடியாது. மூன்று வருடமாக வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு பெரியவர் போன வருடம் பந்தியில் இருந்தார். பாதி இலைதான் சாப்பிட்டார். யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நான் இங்கே எழுதிவிட்டேன், அவருக்கு இணையம் பழக்கமில்லை.

எந்த நாள் நல்லது?

எல்லோருக்கும் நல்ல நாள் கிடையாது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கஷ்டமான நாளைத்தான் தேடவேண்டும். வெள்ளிக்கிழமை சைவ ஆட்களுக்கு விரதம், முஸ்லிம்களுக்கு ஜும்ஆ. சனிக்கிழமை பிள்ளைகளுக்கு டியூசன். போயா (பௌர்ணமி) தினத்தில் சிங்கள அம்மாமார் விகாரைக்குச் சில் என்ற விரதம் எடுக்கப் போய்விடுவார்கள். ஞாயிறு காலை பூசை. ஆக, ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு அடுப்பு, லுஹர் தொழுகை முடிந்து ஒரு மணிக்குப் பந்தி.

மாதம் என்றால், காலபோக வெட்டு முடிந்து கையில் நெல் இருக்கிற மாசி, பங்குனி நல்லது. ஆனால் கத்தோலிக்கருக்கு அது தவக்காலம். முஸ்லிம்களின் நோன்பு ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும், காலண்டர் பார்க்காமல் திகதி வைக்காதீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, மண்டபத்துக்கு முன்னால் சேறு. நாங்கள் ஆனியில் வைக்கிறோம். பாலைப்பழக் காலம், பிள்ளைகள் வாய் ஒட்ட ஒட்டத் தின்றுகொண்டு திரிவார்கள். ஒரே குறை கச்சான் காற்று. அடுப்புக்கு மேற்கே கிடுகு கட்டாவிட்டால் சோற்றில் மண், கூரையில் நெருப்பு.

வைகாசியில் வைக்கலாமா?

வேண்டாம்.

மே 18ஐ ஒட்டிய நாட்களில் இங்கே கஞ்சி கொடுப்பார்கள். முள்ளிவாய்க்கால் கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு. தேங்காய்ப்பால் கிடையாது, ஏனென்றால் 2009இல் கிடாரத்துக்கு முன்னால் வரிசையில் நின்றபோது தேங்காய் இருக்கவில்லை. எங்கள் ஊரில் அந்த வரிசையில் நின்றவர்கள் இருக்கிறார்கள். வரிசையில் நின்று திரும்பி வராத பிள்ளைகளின் தாய்மாரும் இருக்கிறார்கள். அந்தக் கிழமைக்குப் பக்கத்தில் மேளம் அடித்துச் சாப்பாடு போடக்கூடாது.

ஒருவர் நல்ல மனத்தோடு கேட்டார்: எங்கள் கூடலிலும் அந்தக் கஞ்சியை ஒரு பாத்திரத்தில் வைத்தால் என்ன, மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று. முல்லைத்தீவு அக்கா ஒருத்தி தலையாட்டி மறுத்தார். அது பட்டியலில் வைக்கிற சாப்பாடு இல்லை என்றார். சரி என்று விட்டுவிட்டோம். ஆனால் அடுத்த மேயில் அவர் வீட்டுப் படலையில் கஞ்சி கொடுத்தபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கிரிபத் அம்மா வந்து சிரட்டையில் வாங்கி நின்றபடியே குடித்தார். யாரும் அழைக்கவில்லை.

பிரமுகர்களை அழைக்கவேண்டுமா? நிறுவனத்திடம் காசு கேட்கலாமா?

கிராம சேவையாளர், மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், இவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களும் வெங்காயம் உரிக்க வரட்டும். பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒரு சொல் சொல்லிவையுங்கள். ஒலிபெருக்கி கட்டினால் பொலிஸ் அனுமதி வேண்டும், கட்டாமல் விட்டால் காதுக்கும் நல்லது.

மேடை போடாதீர்கள். மேடை வந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் சோறு ஆறும். நல்லிணக்கம் என்ற சொல்லைப் பதாகையில் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது. சீருடையோடு யாரும் வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதி. சீருடையைக் கண்டால் சாப்பாடு இறங்காத வீடுகள் இங்கே இருக்கின்றன. வெளிக்காசு வாங்கினால் போட்டோவும் அறிக்கையும் கேட்பார்கள். அதற்குத்தான் மறுபடியும் பெயர்ப்பலகை மாட்டவேண்டி வரும்.

இருநூறு பேருக்கு எவ்வளவு?

எங்கள் அனுபவத்தில் ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்குக் காணும். 25 கிலோ மூடை ஒன்று போதும். பருப்பு 8 கிலோ, தேங்காய் 50. வீட்டுக்கு ஒரு தேங்காய், ஒரு கொத்து அரிசி என்று கேளுங்கள். காசாகக் கேட்டால் இல்லாதவர் வராமல் விட்டுவிடுவார், தேங்காய் என்றால் எப்படியும் கொண்டுவருவார். முடியாதவர் முருங்கையிலை கொண்டுவரட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். கலப்பு அரிசி வரும், சம்பாவும் நாட்டரிசியும் ஒன்றாக வேகாது. நாட்டரிசியைப் புக்கைக்கு ஒதுக்குங்கள்.

இலைக்கு வாழை, இல்லாவிட்டால் குளத்துத் தாமரையிலை. தாமரையிலையில் சுடச்சுடச் சோறு போட்டால் வருகிற மணத்துக்கு ஈடு இல்லை. சோறு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017இல் தடை வந்துவிட்டது, அதைத் தேடிப் போகாதீர்கள்.

தண்ணீர், விறகு?

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத்தண்ணீர். அதில் கடலையும் கௌபியும் லேசில் அவியாது. முதல் வருடம் மூன்று மணித்தியாலம் எரித்தோம், கடலை கடலையாகவே இருந்தது. சமையலுக்கும் குடிக்கவும் வடிகட்டிய தண்ணீர் எடுங்கள், வன்னியில் சிறுநீரக வருத்தம் இருப்பதால் அதில் சிக்கனம் வேண்டாம். தேங்காய்ப்பால் கறியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் மத்தியானத்துக்கு மேல் நிற்காது, பின்னேரத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். விறகுக்குக் காட்டில் கத்தி வைக்க வேண்டாம். பனம்மட்டை, தென்னம்பாளை, மரக்காலையில் கிடைக்கிற துண்டுகள் போதும்.

முடிந்த பிறகு?

மிச்சச் சோறு வீட்டுக்குப் போகட்டும். எல்லோரையும் மூடியுள்ள சட்டி கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை, தான் கிண்டிய கறியைத் தான் எடுத்துப் போகக்கூடாது.

கிடாரம் கழுவுவதற்கு நாலு பேரை முதலே பிடித்து வையுங்கள், சாப்பிட்டபின் ஒருவரும் அகப்படமாட்டார்கள். சாம்பலும் பழப்புளியும் தேங்காய்த்தும்பும் இருந்தால் அடிப்பிடித்த புக்கையும் வரும். போன வருடம் மலைநாட்டு அக்காவும் கோயில் ஐயாவின் மருமகளும் கிடாரத்துக்குள் தலையை விட்டுத் தேய்த்தார்கள். அடியில் ஒட்டியிருந்த கருகல் புக்கையைச் சுரண்டி, இரண்டு பேரும் அப்படியே தின்றுகொண்டு.